ஆறு மணிக்கு முன் ஒரு குழம்பு

பாடாலூர்,
9.2.2025, ஞாயிறு.

அன்புள்ள லீலாவுக்கு,

அடைக்கல மாதாவின் தயவால் நான் சுகம். நீயும் ஷைனியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. கடைசியில் எழுத வைத்துவிட்டாய். "போன்ல பொய் சொல்றது சுலபம். எழுத்துல வராது. கைப்பட எழுதிப் போடுங்க" என்று சொல்லி என் செல்போனை வாங்கிப் பீரோவில் பூட்டினாய். பூட்டியது நல்லதுதான். ஆனாலும் இன்னும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கை சட்டைப் பையைத் தடவுகிறது. உள்ளே பீடித் தீப்பெட்டிதான் இருக்கிறது, அதுவும் அமல்தாசுடையது.

அமல்தாஸ் சித்தப்பா மகன் என்றாலும் கடையில் முதலாளிதான். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் கடை. மீன் சாப்பாடுதான் பேர் வாங்கிக் கொடுத்தது. விடிவதற்குள் நாகப்பட்டினத்து மீன் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கிவிடும். லாரி ஆபீசில் பன்னிரண்டு வருடம் பில் எழுதிய கை இப்போது செதில் சுரண்டுகிறது. "ஞாயித்துக்கிழமை வூட்டுல மீன் வச்ச கை தானேண்ணே, கடைக்கும் பழகிடும்" என்று அமல்தாஸ் சொல்கிறான். பழகுகிறது. முட்டிதான் பழக மாட்டேன் என்கிறது.

மாதம் பத்தாயிரம் உன் கணக்கில் அவனே போட்டுவிடுவான். ஷைனியின் நர்சிங் படிப்புக்கென்று சேர்த்த மூன்று லட்சத்தை அந்த டாலர் வியாபாரத்தில் தொலைத்தவன் நான். ஆகஸ்ட்டில் சேர்க்கை. அதற்குள் முன்பணத்துக்காவது சேர்த்துவிட வேண்டும். அதுவரை வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சொன்னதும் நான்தான். நீ வேண்டாம் என்று தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் வந்திருப்பேன். அது வேறு விஷயம்.

ஷைனியைப் படிக்கச் சொல். உன் கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்.

இப்படிக்கு,
ஆரோக்கியசெல்வம்


ஏலாக்குறிச்சி,
18.2.2025.

அன்புள்ள ஷைனி அப்பாவுக்கு,

மரியே வாழ்க. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முட்டிக்கு அந்தப் பச்சைத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டீர்களா? உங்கள் பையின் அடியில் வைத்திருக்கிறேன். தேடிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கடிதம் வர ஐந்து நாள் ஆகிறது. மூன்று பஸ் மாறினால் மத்தியானத்துக்குள் வந்து சேருகிற தூரம்.

எங்கள் தனியார் பள்ளியின் சொற்பச் சம்பளத்துக்கு ஒன்பதாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு. வீட்டுக்குள் நுழையும்போது ஐந்து மணி ஆகிவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. ஷைனிக்கு மார்ச் மூன்றாம் தேதி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. அவளை அடுப்பங்கரைக்குள் விடக் கூடாது. அதனால் தினமும் ரசமும் அப்பளமும்தான். "அம்மா, நம்ம வூட்டுல மீன் வச்சு ஒரு மாசம் ஆச்சு" என்று நேற்று கேட்டாள். மீன்காரர் அய்யம்பெருமாள் மொபெட்டில் பள்ளிக்கூட வாசலுக்கே வருகிறார். சீக்கிரம் வைக்கிற மாதிரி ஒரு குழம்பு எழுதி அனுப்புங்கள். உங்களைப் போல ஒரு மணி நேரம் அடுப்போடு பேசிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

இன்னொன்று. ஷைனிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் தேடியபோது உங்கள் நோட்டு கிடைத்தது. 'பாடம் 1: கரன்சி என்றால் என்ன?' என்று தொடங்குகிற நோட்டு. அந்த வாட்ஸாப் வகுப்பில் சொன்னதையெல்லாம் நல்ல பிள்ளையாக எழுதியிருக்கிறீர்கள். சும்மா புரட்டினேன். கை அரித்தது, சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். மொத்தம் பதினாலு பிழை. மூன்று இடத்தில் தசமப் புள்ளி தப்பு. நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டிருக்கிறேன். நீங்கள் தோற்றது டாலரிடம் இல்லை, தசமப் புள்ளியிடம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சிரிக்கத்தான் எழுதினேன்.

உங்கள்,
லீலா மேரி


பாடாலூர்,
27.2.2025.

அன்புள்ள லீலாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

முப்பத்தெட்டு மார்க்கைப் படித்து அடுப்பு முன்னால் தனியாகச் சிரித்தேன். பாத்திரம் கழுவுகிற ஜோதி அக்கா, "என்னாண்ணே, வூட்டு லெட்டரா?" என்று கேட்டார். ஆமாம், டீச்சர் பேப்பர் திருத்தி அனுப்பியிருக்கிறார் என்றேன். இந்த வருடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல்.

குழம்பு சொல்கிறேன். காலையில் பள்ளிக்கூடம் போகும்போதே புளியை ஊற வைத்துவிடு. சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நாலு பல், ஒரு தக்காளி. இதை வதக்காதே, பச்சையாகவே மிளகாய்த்தூள் மல்லித்தூளோடு மிக்சியில் அடித்துப் புளியில் கரைத்து அடுப்பில் வை. பச்சை வாசனை போகக் கொதித்ததும் மீனைப் போடு. சங்கராவாக இருந்தால் ஏழு நிமிடம். கரண்டி போட்டுக் கிளறாதே, சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்று. கடைசியில் நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டு. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். வைத்தவுடன் தின்னாதீர்கள் என்று சொல்வேன், நீ கேட்க மாட்டாய்.

அந்த நோட்டை அடுப்பில் போடு லீலா. திருத்த வேண்டாம், போட்டுவிடு.

இப்படிக்கு,
ஆரோக்கியசெல்வம்


ஏலாக்குறிச்சி,
17.3.2025.

அன்புள்ள ஷைனி அப்பாவுக்கு,

மரியே வாழ்க. சுகம். உடனே பதில் போட முடியவில்லை. ஷைனிக்கு மூன்று தேர்வு முடிந்தது. கணக்கு நன்றாக எழுதியிருக்கிறாளாம். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து மறுநாள் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பிள்ளை ஒரு குறையும் சொன்னதில்லை. "அப்பா எப்பம்மா வருவாங்க?" என்று கேட்பதையும் இப்போது நிறுத்திவிட்டாள்.

உங்கள் குழம்பு வெற்றி. தவக்காலம் என்பதால் கறி இல்லை, மீன்தான். வெள்ளிக்கிழமை சங்கரா வைத்தேன். இருபத்திரண்டு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் என் சோம்பேறித்தனம்.

நோட்டைப் பற்றி ஒரு சந்தேகம். கடைசிப் பக்கத்தில் 'முதல் வெள்ளி' என்று எழுதி மூன்று முறை அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். மனுஷன் முதல் வெள்ளிப் பூசையை நினைவு வைத்திருக்கிறாரே என்று ஒரு நிமிடம் மனசு குளிர்ந்தது. கீழே 'டாலர்' என்று இருக்கிறது. அது என்ன? அப்புறம் 'ஸ்டாப் லாஸ் போடாமல் தொடாதே' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. போட்டிருந்தால் பணம் தப்பித்திருக்குமா?

வேறு ஒன்றுமில்லை. கணக்கு என்றால் என்னால் பாதியில் விட முடியாது, அவ்வளவுதான்.

உங்கள்,
லீலா மேரி


பாடாலூர்,
25.3.2025.

அன்புள்ள லீலாவுக்கு,

சுகம். தைலம் கிடைத்தது.

கேட்டதால் சொல்கிறேன். சொன்ன பிறகு இதைப் பேச வேண்டாம்.

ஒரு நாட்டுப் பணத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டுப் பணத்தை வாங்குவது. யூரோ ஏறும் என்று நினைத்தால் வாங்கு, இறங்கும் என்று நினைத்தால் விற்று வை. அவ்வளவுதான் பாடம். கையில் நூறு ரூபாய் இருந்தால் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆடவிடுவார்கள். அதனால் விலை ஒரு இம்மி நகர்ந்தாலே உன் நூறு ரூபாய் இருநூறாகும், இல்லையென்றால் காணாமல் போகும். இவ்வளவு நட்டத்துக்கு மேல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் ஸ்டாப் லாஸ். அந்த விலையைத் தொட்டதும் அதுவே ஆட்டத்தை முடித்துவிடும். போட்டிருந்தால் தப்பித்திருப்பேனா என்று கேட்கிறாய். முதலில் போட்டேன். பிறகு எடுத்தேன். எல்லாரும் ஒரு நாள் எடுப்பார்கள்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று அமெரிக்காவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கணக்குச் சொல்வார்கள். நம் கடிகாரத்துக்கு அது குளிர்காலத்தில் ஏழு மணி, இப்போது மாலை ஆறு மணி. அந்தச் சில நிமிடத்தில் விலை துள்ளும். போன வருடம் முழுக்க முதல் வெள்ளிப் பூசைக்கு நான் வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? லாரி ஆபீசில் வேலை என்றேன். நீ நம்பினாய். சீக்கிரம் சோறு போடு என்று அவசரப்படுத்தினேன். பூசை நேரத்தில் நீங்கள் கோயிலில் இருக்க, நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பணத்தை வாங்கி ஆடவிட்ட அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

போதும். வெள்ளிக்கிழமைக்கு இறால் வை. உரித்து மஞ்சளும் உப்பும் பிசறி வை. வெங்காயம், இடித்த மிளகு, கறிவேப்பிலை வதங்கியதும் இறாலைப் போடு. நாலே நிமிடம். சுருண்டு சிவந்தால் இறக்கிவிடு. ஐந்தாவது நிமிடம் ரப்பர். இறாலை அடுப்பில் வைத்துவிட்டு வேறு எங்கும் பார்க்காதே.

நோட்டை எரித்துவிட்டாயா?

இப்படிக்கு,
ஆரோக்கியசெல்வம்


ஏலாக்குறிச்சி,
12.4.2025.

அன்புள்ள ஷைனி அப்பாவுக்கு,

மரியே வாழ்க. நாங்கள் நலம். நாளைக்குக் குருத்து ஞாயிறு. ஷைனி தேர்வெல்லாம் முடித்துவிட்டுத் தூங்கித் தீர்க்கிறாள்.

இறால் நன்றாக வந்தது. நாலு நிமிடம் சரியான கணக்கு. வாத்தியார் வேலைக்கு நீங்கள் வந்திருக்கலாம்.

மாலையில் டியூஷன் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அதற்குள் சமையல் முடிந்தாக வேண்டும். ஆறு மணிக்கு முன்னால் முடிகிற மாதிரி வேறு ஏதாவது எழுதுங்கள். டியூஷன் பணத்தில் ஷைனிக்கு ஈஸ்டர் பாஸ்காவுக்குச் சுடிதார் ஒன்று எடுத்தேன், மாம்பழக் கலர். உங்களுக்கு ஒரு கைலி. பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முன்பணம் சேர்ந்துவிடும் என்று எனக்குத் தைரியம் வந்திருக்கிறது. நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. இரவில் அவ்வளவாகத் தூக்கம் இல்லை, வெயில்தான் காரணம்.

பாஸ்காவுக்கும் வர மாட்டீர்களா?

உங்கள்,
லீலா மேரி


பாடாலூர்,
24.4.2025.

அன்புள்ள லீலாவுக்கு,

பாஸ்கா வாழ்த்து. பிந்தி வருகிறது, மன்னித்துக்கொள். அன்று கடையில் இலை போட்டு மாளவில்லை. பாதிராப் பூசைக்கும் போக முடியவில்லை. கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் மாதா படத்துக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ போட்டேன், அத்தோடு சரி. வருவதைப் பற்றிக் கேட்டாய். கையில் ஒன்றும் இல்லாமல் வந்து ஷைனி முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

நெத்திலி வை. தலையைக் கிள்ளி அலசி, மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு தடவிக் கல்லில் எண்ணெய் விட்டுப் பரப்பினால் எட்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ரசம் மட்டும் வைத்துக்கொள்.

டியூஷனில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எத்தனை பிள்ளைகள்? யார் வீட்டுப் பிள்ளைகள்? நோட்டைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

இப்படிக்கு,
ஆரோக்கியசெல்வம்


ஏலாக்குறிச்சி,
6.5.2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷைனி எழுதுகிறேன். நான் நலம். நீங்கள் நலமா? முட்டி வலி எப்படி இருக்கிறது? நாளை மறுநாள் ரிசல்ட். பயமாகவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுதவில்லை, மறைத்தும் எழுதவில்லை. கடிதம் போடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். லீவு விட்டதிலிருந்து வீட்டுக்கு ஒருத்தரும் வருவதில்லை. நானும் அம்மாவும்தான். போரடிக்கிறது. அம்மா தினமும் ஐந்தரைக்கெல்லாம் சமையலை முடித்துவிடுகிறார்கள். வெயில் அடிக்கும்போதே ராத்திரிச் சாப்பாடு தயார். "என்னம்மா, ஆஸ்பத்திரி மாதிரி இவ்வளவு சீக்கிரம்?" என்றால் சிரிக்கிறார்கள்.

போன முதல் வெள்ளிப் பூசைக்கு நான் மட்டும்தான் போனேன். அம்மாவுக்குத் தலைவலி. ஏப்ரல் முதல் வெள்ளியிலும் தலைவலி. பூசை முடிந்து வந்தால் கதவு சாத்தியிருந்தது, தட்டினதும் திறந்தார்கள். முகம் ஒரு மாதிரி இருந்தது. கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் அப்பா, நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

நான் நர்ஸ் ஆனதும் முதல் ஊசி உங்கள் முட்டியில்தான்.

அன்பு மகள்,
ஷைனி


பாடாலூர்,
14.5.2025.

அன்புள்ள லீலாவுக்கு,

சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன். இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ஷைனியின் மார்க்கை அமல்தாஸ் போனில் பார்த்துச் சொன்னான். ஐந்நூற்றுப் பன்னிரண்டு! கடையில் இருந்த எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன். பெயர் தெரியாத லாரி டிரைவர் ஒருவர், "பொண்ணு நல்லா வரும்ங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

உன்னிடம் ஒன்று கேட்கலாம் என்று மூன்று நாளாகத் தாளை எடுத்து வைக்கிறேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. பூனைக்கு மணி கட்டுகிறவன் பூனையாக இருக்கக் கூடாது. அதனால் கேட்கவில்லை.

ஜூன் ஆறாம் தேதி முதல் வெள்ளி. அன்றைக்குத் தலைவலித்தாலும் பூசைக்குப் போ லீலா. சமைக்கக்கூட வேண்டாம், கடையில் இட்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குக் கோயிலில் இரு. எனக்காகப் போ.

இப்படிக்கு,
ஆரோக்கியசெல்வம்


ஏலாக்குறிச்சி,
22.6.2025.

அன்புள்ள ஷைனி அப்பாவுக்கு,

மரியே வாழ்க. ஷைனி சுகம். நான் சுகம் என்று எழுத வரவில்லை.

ஜூன் மாதப் பணம் வரவில்லை. கடிதமும் வரவில்லை. உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, கோபத்தில் நிறுத்திவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன். நியாயம்தான். இருந்தாலும் என் கையால் எழுதிவிடுகிறேன்.

நோட்டை நான் எரிக்கவில்லை. திருத்தி முடித்ததும், இந்தப் பதினாலு பிழையும் இல்லாமல் ஆடினால் தோற்க வாய்ப்பே இல்லையே என்று தோன்றியது. இருபது வருடமாகக் கணக்கு டீச்சர். வகுப்பில் முட்டாள் பையன் தப்பாகப் போட்ட கணக்கைக் கரும்பலகையில் சரியாகப் போட்டுக் காட்டுகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். முட்டாள் பையன் நீங்கள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பீரோ சாவி என் இடுப்பில்தான் இருந்தது. போனைத் திறக்க ஷைனி பிறந்த தேதி போதும்.

டியூஷன் எதுவும் இல்லை. பிள்ளைகள் யாரும் வரவில்லை. நீங்கள் அனுப்பிய பணத்தைத்தான் மாதாமாதம் போட்டேன், மொத்தம் நாற்பதாயிரம். ஏப்ரலில் ஜெயித்தேன். சுடிதார், கைலி எல்லாம் அந்தப் பணம். ஏப்ரல் முடியும்போது தொண்ணூற்று மூவாயிரம் காட்டியது. ஆகஸ்ட்டுக்குள் இரண்டு லட்சம் ஆக்கி, மூன்று பஸ் மாறி பாடாலூர் வந்து, "எழுந்திருங்க, வூட்டுக்குப் போலாம்" என்று உங்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பொய் இல்லை. அதை மட்டும் நம்புங்கள்.

மே முதல் வெள்ளியில் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன். விலை கீழே இறங்கி அதைத் தொட்டு என்னை வெளியே தள்ளிவிட்டு, நான் சொன்ன பக்கமே திரும்பி ஏறிப் போனது. கொஞ்சம் நட்டம். போடாமல் இருந்திருந்தால் லாபம். எல்லாரும் ஒரு நாள் எடுப்பார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஜூன் ஆறு. உங்கள் கடிதம் மேசை மேலேயே இருந்தது. ஷைனியை மட்டும் கோயிலுக்கு அனுப்பினேன். அன்று அவசரத்தில் சமையல் முடியவில்லை. ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது எல்லாப் பணத்தையும் யூரோவில் போட்டுவிட்டு, இறாலைச் சட்டியில் கொட்டினேன். நாலு நிமிடம்தானே. கோயில் மணி அடித்தது. ஒரு முறை கிளறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், விலை இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும், போன மாதமும் வந்ததே என்று கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். வரவில்லை. இறால் சிவக்கும்போது கணக்கில் இருநூற்றுப் பத்து ரூபாய் இருந்தது.

அடுப்பை அணைக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஷைனி வந்து அணைத்தாள். சாப்பிடும்போது, "ஏம்மா, இறா ரப்பரா இருக்கு?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மென்று தின்றாள். "கோயில்ல உனக்காகத்தாம்மா வேண்டிக்கிட்டேன், தலைவலி போவணும்னு" என்றாள்.

பதினாறு நாள் ஆகிறது. அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. எழுத்தில் பொய் வராது என்று உங்களிடம் பெரிதாகச் சொன்னேன். வருகிறது. சில வரிகளை எழுதாமல் விட்டாலே போதும்.

உங்களுக்கு முப்பத்தெட்டு மார்க் போட்டேன். எனக்கு எத்தனை போடுவீர்கள்? மிகவும் அசதியாக இருக்கிறது.

லீலா


பாடாலூர்,
27.6.2025.

அன்புள்ள லீலாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கையால் எழுதுகிறேன். உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதைவிட நன்றாக எழுதுவார்கள்.

கோபம் இல்லை. பணம் வராததற்குக் காரணம் வேறு. ஜூன் ஆறாம் தேதி மாலை கொதிக்கிற எண்ணெயில் வஞ்சிரம் போட்டுக்கொண்டிருந்தேன். கடிகாரம் ஆறைக் காட்டியது. நீ கோயிலில் இருக்கிறாயா, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாயா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கை உள்ளே போய்விட்டது. மணிக்கட்டு வரைக்கும். மூன்று வாரமாக வேலை இல்லை, சாப்பாடும் இடமும் மட்டும் உண்டு. உனக்குச் சொல்லக் கூடாது என்று அமல்தாசிடம் சத்தியம் வாங்கினேன். பார், நானும் சில வரிகளை எழுதாமல்தான் விட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரலில் ஒரு லாரி டிரைவரிடம் போன் கேட்டு வாங்கி யூரோ விலை என்ன என்று பார்த்தேன். போடவில்லை, பார்த்தேன். அன்று இரண்டு தடவை மீனைக் கருக விட்டேன். அதனால் உனக்கு மார்க் போட என்னிடம் பேனா இல்லை.

எனக்குத் தெரிந்திருந்தது லீலா. ஷைனி கடிதத்திலேயே தெரிந்தது. நேராகக் கேட்காமல் பூசைக்குப் போ என்று சுற்றி வளைத்தேனே, அது என் தப்பு. கேட்டிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய். சண்டை எவ்வளவோ மேல்.

பணம் சேரும்வரை வருவதில்லை என்று சொன்னதை மீறுகிறேன். ஜூலை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன். ஐந்தரை மணி பஸ்ஸில் இறங்குவேன். மூன்று பேரும் முதல் வெள்ளிப் பூசைக்குப் போவோம். முடிந்ததும் ஷைனியிடம் சொல்ல வேண்டும். உன் பங்கை நீ சொல், என் பங்கை நான் சொல்கிறேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் நம் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போகும். அந்த ஒரு வருடத்தைத் தின்றது நாம் இருவரும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அழுவாள். அழட்டும், நாம் பக்கத்தில் இருப்போம்.

அந்தப் போனை இனிப் பூட்டி வைக்க வேண்டாம். சாவி எப்போதும் நம்மில் ஒருவரிடம்தானே இருக்கும். அரியலூரில் விற்று விண்ணப்பத்துக்குக் கட்டிவிடுவோம்.

ராத்திரிக்கு எதுவும் சமைக்காதே. ஐஸ் பெட்டியில் நண்டு கொண்டு வருகிறேன், அமல்தாஸ் காசு வாங்க மாட்டேன் என்கிறான். நீ மிளகும் சோம்பும் இடித்து வைத்தால் போதும். நண்டு வேகப் பத்து நிமிடம்தான். ஆனால் தின்ன ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்பட முடியாது, இரண்டு கையும் வேண்டும்.

என் வலது கை இன்னும் மடங்கவில்லை. நண்டின் ஓட்டை நீதான் உடைத்துக் கொடுக்க வேண்டும்.

உன்,
செல்வம்